இன்னும் வராத பருவுக்கு மருந்து

பரு வந்தால் வந்த இடத்தில் எதையாவது தடவுவது நமக்கு ஊறிப்போன பழக்கம். கஸ்தூரி மஞ்சளோ, பற்பசையோ, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டியூபோ, எதுவானாலும் விரல்நுனியில் எடுத்து அந்த ஒரு புள்ளியின் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். அது அடங்குவதற்குள் பக்கத்திலேயே அடுத்தது கிளம்புகிறது. மாதக்கணக்கில் இது நீளும்போது சோப்பை மாற்றுகிறோம், கிரீமை மாற்றுகிறோம், சாப்பாட்டைக்கூட மாற்றிப் பார்க்கிறோம். வந்த பருவின் தலையில் மருந்து வைக்கிற முறையை மட்டும் மாற்றுவதில்லை. விடாமல் வரும் பருவுக்கும், நெற்றியிலும் தாடையிலும் சொரசொரவென்று அடைத்துக் கிடக்கும் தோலுக்கும் செய்யும் வைத்தியம் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் மருந்தின் பெயர் காரணமில்லை என்பது என் வாதம். அதை எங்கே போடுகிறோம், எத்தனை நாள் போடுகிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

முகத்தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறும்போது இந்தச் சுரப்பிகள் பெருத்து, சீபம் என்ற எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. அதே சமயம், மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வெளியேற வேண்டிய செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. கண்ணுக்கே தெரியாத இந்த நுண்ணடைப்பில்தான் பரு தொடங்குகிறது. அது வளர்ந்தும் வாய் மூடியே இருந்தால், தோலின் நிறத்திலேயே, தடவிப் பார்த்தால் மட்டும் விரலில் தட்டுப்படும் சிறு மொட்டாக நிற்கும். வாய் திறந்துகொண்டால் பிளாக்ஹெட். உள்ளே சிக்கிய எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகி, உடலின் எதிர்ப்புச் சக்தி அதனோடு மோதத் தொடங்கினால் சிவக்கும், வலிக்கும், சீழ் கட்டும். (பழைய மருத்துவப் புத்தகங்களில் இதே பாக்டீரியா புரோப்பியோனிபாக்டீரியம் என்ற பெயரில் இருக்கும், 2016-ல்தான் பெயர் மாறியது.) நுண்ணடைப்பு சிவந்த பருவாக மாறப் பல வாரங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். அதாவது இன்று கண்ணாடியில் பார்க்கும் பரு, போன மாதமே தபாலில் சேர்த்த கடிதம். அதன் மேல் எதைத் தடவினாலும், வழியில் வந்துகொண்டிருக்கும் மற்றவை நிற்கப்போவதில்லை.

இது வெறும் ஊகமில்லை. பரு உள்ளவர்களின் தோலில், பார்வைக்குக் குற்றமே இல்லாத இடங்களிலிருந்து எடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கேயும் நுண்ணடைப்புகள் தெரிந்தன. 2003-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி பின்னே போய், அடைப்பு உருவாவதற்கு முன்பே அந்த மயிர்க்கால்களைச் சுற்றி அழற்சி அணுக்கள் கூடிவிடுவதைக் காட்டினார்கள். தெளிவாகத் தெரிகிற கன்னம் உண்மையில் தெளிவாக இல்லை. ஆகவே பரு வழக்கமாக வரும் பகுதி முழுவதும், பரு இருக்கிற இடத்திலும் இல்லாத இடத்திலும், ஒரே சீராக மருந்து போக வேண்டும். வைத்தியத்தில் பாதி இந்த ஒரு மாற்றத்தில் அடங்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு எதிராக முதலில் வரும் குரல் சுத்தத்தின் பெயரால் வருவது. அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து அடைக்கிறது, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போய்விடும் என்பார்கள். பிளாக்ஹெட்டின் கறுப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கறுப்பு தெருத்தூசி இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனினும், காற்றுபட்டு ஆக்ஸிஜனோடு கலந்த கொழுப்பும் சேர்ந்த நிறம் அது. ஸ்கிரப் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் மயிர்க்காலின் உள்ளே போய் ஒட்டிய செல்களைப் பிரிக்காது. மேல்தோலைத்தான் உரசி எரிச்சலாக்கும். ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் தோலுக்கு அது கூடுதல் அடி. மூக்கின் மேல் ஒட்டி உரித்தெடுக்கிற பட்டைகளில் கொத்தாக ஒட்டிக்கொண்டு வருவதில் பெரும்பகுதி பிளாக்ஹெட்டே கிடையாது. எண்ணெய் வெளியேறும் வழியில் இயல்பாகவே இருக்கும் இழைகள் அவை. எல்லோருக்கும் உண்டு, உரித்தாலும் சில வாரங்களில் மறுபடி நிறைந்துவிடும். பார்லரில் ஆவி பிடித்து, ஊசிமுனை வளையத்தால் பிதுக்கி எடுப்பதிலும் இதே கதைதான். ஒரு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும்; தப்பாக அழுத்தினால் அடைப்பு உள்ளேயே உடைந்து தழும்பாகும். நம் நிறத் தோலில் பரு போன பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும் என்பதால் பிதுக்குவதற்கு நாம் கொடுக்கும் விலை இன்னும் அதிகம். ஒரு நாளைக்கு இரண்டு முறை, காரம் குறைந்த ஃபேஸ்வாஷில், கையாலேயே கழுவினால் போதும். நான்கு முறை கழுவுவதால் கூடுதல் பலன் கிடைத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

அப்படியானால் மயிர்க்காலின் உள்ளே போய் வேலை செய்வது எது? இந்தக் கேள்விக்கான பதில் அரை நூற்றாண்டாக நம்மிடம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், தன் சகாக்களான ஃபுல்டன், பிளெவிக் ஆகியோருடன் 1969-ல் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ட்ரெட்டினாயினைப் பருவுக்குப் பூசிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். 1971-ல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. உதிராமல் ஒட்டிக்கொள்ளும் செல்களை ஒழுங்காக உதிரவைப்பதுதான் இந்த ரெட்டினாய்டு வகை மருந்துகளின் வேலை. நுண்ணடைப்பையே உருவாகவிடாமல் தடுப்பதில் இவற்றுக்கு நிகராகப் பூச்சு மருந்துகளில் வேறில்லை. கிளிக்மனின் பெயரைச் சொல்லும்போது ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையையும் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே கைதிகளின் முதுகையும் கையையும் அவர் பல ஆண்டுகள் பரிசோதனைக் களமாக்கினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2021-ல் பல்கலைக்கழகமும் 2022-ல் நகர நிர்வாகமும் அதற்காக மன்னிப்புக் கேட்டன. இன்று பல கோடிப் பேர் இரவில் தடவும் அந்தச் சிறு உருண்டைக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

ட்ரெட்டினாயினைவிட எரிச்சல் குறைந்த அடாபலீன் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லை 2016 முதல் அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். நம் ஊரிலும் எளிதில் கிடைக்கும் மருந்துதான், ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தொடங்குவதே சரி. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டுகளைத் தொடவே கூடாது. இதனோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு மருந்து பென்சாயில் பெராக்சைடு. பாக்டீரியாவைக் கொல்லும், ஆனால் ஆன்டிபயாட்டிக் போல அதற்கு எதிராகப் பாக்டீரியா பழகிக்கொள்வதில்லை. 10 சதவீதம் வாங்கினால்தான் வேலை செய்யும் என்று நினைப்பவர்கள் உண்டு. 2.5 சதவீதமே சிவந்த பருக்களைக் குறைப்பதில் 5, 10 சதவீதங்களுக்கு ஈடாக நின்றதை 1986-லேயே ஒரு ஒப்பீட்டு ஆய்வு காட்டிவிட்டது. குறைந்த அளவில் எரிச்சலும் குறைவு. ஒரே ஒரு தொல்லை, தலையணை உறையையும் துண்டையும் வெளுக்க வைத்துவிடும். வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள். கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் பூசுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அது பாக்டீரியாவுக்கு நாமே கொடுக்கும் பயிற்சி. ஆன்டிபயாட்டிக் பூசினால் பென்சாயில் பெராக்சைடும் கூடவே இருக்க வேண்டும் என்று 2024-ல் வெளியான அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

போடுகிற முறைதான் பலர் இடறும் இடம். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பின், ரெட்டினாய்டை ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதற்கும் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பழகிய பின் தினமும். முன்னாலோ பின்னாலோ எண்ணெய்ப் பிசுக்கில்லாத மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழியும் முகத்துக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். ரெட்டினாய்டு தோலை உலர்த்துவதால் மாய்ஸ்சரைசர் இல்லாமல் தொடர்ந்து பூசுவது பலரால் முடியாது, பாதியில் நிறுத்துவதுதான் மிஞ்சும். பகலில் சன்ஸ்கிரீன், கரும்புள்ளி ஆழமாகாமல் இருக்க. முதல் சில வாரங்களில் தோல் உரியும், கொஞ்சம் எரியும், சிலருக்குப் பரு கூடினாற்போலவும் தோன்றும். பெரும்பாலோர் மருந்தைத் தூக்கிப்போடுவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு வாரத்தில் பலன் இல்லை என்று அடுத்த சீரத்துக்குத் தாவுகிறவர், நான் மேலே சொன்ன தபால் கணக்கின்படி, மருந்து தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிட்ட பருக்களைப் பார்த்துத்தான் மருந்துக்குத் தீர்ப்பு எழுதுகிறார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் முதல் சுற்று வைத்தியத்துக்கே 12 வாரம் கொடுக்கச் சொல்வது இதனால்தான். அதற்கு முன் முடிவு கட்டுவது வைத்தியத்தைப் பரிசோதிப்பதாகாது.

நம் வீட்டு வைத்தியம் பல தலைமுறையாக இருக்கிறதே, அதை ஒதுக்கிவிட்டு ரசாயனத்தைப் பூசச் சொல்கிறாயா என்ற ஆட்சேபம் நியாயமானது. உதறித்தள்ள எனக்கும் விருப்பமில்லை. மஞ்சளிலுள்ள குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் இருப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது. ஆனால் அரைத்துப் பூசிய மஞ்சள் மயிர்க்காலின் அடைப்பை எடுத்ததாகத் தகுந்த மனித ஆய்வுகள் இல்லை. பயத்தம் மாவில் முகம் கழுவுவதில் கெடுதல் ஒன்றுமில்லை, கரகரவென்று தேய்க்காதவரை. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் பற்பசையும் வேறு ரகம்: ஒன்று தோலின் இயல்பான அமிலத்தன்மையைவிடப் பல மடங்கு புளிப்பு, மற்றது காரம், மூன்றாவது பல்லுக்காகச் செய்யப்பட்டது. மூன்றுமே தோலைப் புண்ணாக்கும். தலைக்கு எண்ணெய் வைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தலைமுடிக்குப் பூசும் கொழகொழப்பான பொமேடுகளால் நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் நெருக்கமாக மொட்டுகள் கிளம்புவதை 1970-லேயே மருத்துவ இதழில் தனி வகையாகப் பதிவு செய்தார்கள். முன்நெற்றியில் மட்டும் சொரசொரப்பு இருப்பவர்கள் கிரீமை மாற்றுவதற்கு முன் எண்ணெய் வழிகிறதா என்று பார்க்கலாம். எண்ணெயை விட்டொழிக்கச் சொல்லவில்லை. குளிக்கப் போகும் முன் வைத்து, அலசிவிட்டால் போதும், இரவு முழுக்கத் தலையணை வழியாகக் கன்னத்துக்கு வர வேண்டியதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அவசரப்பட்டது. பருவுக்கும் சாக்லேட்டுக்கும் தொடர்பில்லை என்று 1969-ல் வந்த ஆய்வு பல பத்தாண்டுகள் வேதவாக்காக இருந்தது. அதை நடத்தியவர்களும் அதே ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் மூவர்தான். ஆட்களில் பாதிக்கு மேல் சிறைக்கைதிகள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த போலி சாக்லேட்டிலும் ஏறத்தாழ அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன, காலமும் நான்கே வாரம். அப்படியிருக்க வித்தியாசம் எப்படித் தெரியும்? 2002-ல் பப்புவா நியூகினியின் கிட்டாவா தீவிலும் பராகுவேயின் ஆச்சே பழங்குடியினரிடமும் தேடியபோது ஒரு பருகூடக் கண்ணில் படவில்லை என்ற செய்தி வந்தது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில், ரத்தச் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவுக்கு 12 வாரம் மாறியவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. பாலுக்கும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலுக்கும், பருவுக்கும் தொடர்பு தெரிவதாகச் சொல்லும் கணக்கெடுப்புகளும் உண்டு. அவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: இனிப்பும் மைதாவும் குறைத்தால் சிலருக்கு உதவலாம், மருந்துக்கு மாற்றாக அதை நிறுத்த ஆதாரம் போதாது. ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் குடிக்கத் தொடங்கியதிலிருந்து பரு கூடியிருந்தால் அதை நிறுத்திப் பார்ப்பதில் நஷ்டமில்லை. உடம்புச் சூடு என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் கோடையில் பரு கூடுகிறது என்ற கவனிப்பில் உண்மை இருக்கலாம், வியர்வையும் புழுக்கமும் தோலுக்கு நல்லதில்லை.

என் வாதத்துக்கும் எல்லை உண்டு. பரு போலத் தெரிவதெல்லாம் பரு அல்ல. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் சிறு கொப்புளங்களாக வந்து அரித்தால், அது மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். நம்முடைய கடலோரப் புழுக்கத்தில் அது அரிதில்லை, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் இன்னும் கூடும், பூஞ்சை மருந்துதான் கேட்கும். முப்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தாடையோரமாக விடாமல் வருவதும், கூடவே மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் இருந்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் ஸ்பிரோனோலாக்டோன் மாத்திரையை 410 பெண்களிடம் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு 2023-ல் வெளியானது. பலன் தெரிந்தது, அதுவும் 12 வாரத்தைவிட 24-வது வாரத்தில் தெளிவாக. மாத்திரையிலும் பொறுமை இல்லாமல் நடக்காது என்பதைக் கவனியுங்கள். ஆழமாகக் கட்டிகட்டியாக வந்து தழும்பு விழத் தொடங்கிவிட்டால் 12 வாரம் வீட்டில் காத்திருக்கக் கூடாது, நேராகத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். 1982 முதல் இருக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இப்படிப்பட்டவர்களுக்கானது. கடுமையான பருவை நெடுங்காலத்துக்கு அடக்கும் மருந்து அதுதான், ஆனால் கருவைக் கடுமையாகச் சிதைக்கும். சாப்பிடும்போதும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் கூடாது, ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் கண்காணிப்பும் இல்லாமல் எடுக்கவே கூடாது. சின்ன வயசு, தானாகப் போய்விடும் என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பதும் இந்த இடத்தில்தான் ஆபத்து. பரு போகலாம், குழிவிழுந்த தழும்பு போகாது.

கடைசியாக ஓர் ஆட்சேபம், எல்லாவற்றிலும் வலுவானது. மூன்றே நாளில் முகத்தைத் தெளிவாக்கும் கிரீம் கடையில் இருக்கும்போது மூன்று மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்? மூன்று நாளில் சிவப்பு அடங்குவது உண்மைதான். அதை அடக்குவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. அழற்சியை அமுக்கும், அடைப்பைத் தொடாது. சில வாரங்களில் தோல் மெலிந்து உள்ளிருக்கும் ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும், முடி வளரும், ஸ்டீராய்டே புதிய பருவைக் கிளப்பும். நிறுத்தினால் முகம் கொதித்துச் சிவக்கும் என்பதால் நிறுத்தவும் முடியாது. மங்குக்காக ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து 1975-ல் வந்த கூட்டுக்கும் கிளிக்மன்தான் மூலம். மருத்துவர் கண்பார்வையில் குறுகிய காலத்துக்கென்று வந்த அந்த யோசனையின் வாரிசுகள்தான் நம் ஊரில் சிவப்பழகு கிரீமாக விற்கின்றன. இந்தியாவின் 12 மருத்துவ மையங்களில் முகத் தோல் கோளாறுகளுக்காக வந்த 2926 பேரைப் பார்த்து 2011-ல் வெளியான ஆய்வில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள்; அவர்களுக்கு வந்த பக்கவிளைவுகளில் முதலிடம் பருவுக்குத்தான். 2018-ல் மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை பட்டியலில் கறாராகச் சேர்த்தது. கவுன்ட்டரில் அது எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

எனவே ஒரு வேண்டுகோள். இப்போது முகத்தில் பூசிக்கொண்டிருக்கும் டியூபை எடுத்துப் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டாசோல், ஃப்ளுவோசினோலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது பரு மருந்தில்லை. வாரக்கணக்கில் பூசியிருந்தால் திடீரென்று நீங்களாகவும் நிறுத்த வேண்டாம்; அந்த டியூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளிச் சீட்டு போட்டால் போதும்.